ஓம் என்று சொன்னவர்

ஆசிரியையாக இருந்தபடியே, மனம் நொந்தவர்களுக்கு உதவும் உளவளத்துணைப் பயிற்சி முடித்த புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கதவைச் சாத்த வேண்டும், எதிரே இருக்க வேண்டும், சொல்வதை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும் என்று படித்ததை அப்படியே செய்தேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர் வாராவாரம் வந்தார். கடலில் கடற்படையிடம் பிடிபட்டு, தடுப்பு முகாமில் எட்டு மாதம் இருந்து மீண்டவர். அவருக்கு நித்திரையே இல்லை என்று மனைவிதான் முதலில் கூட்டிவந்தார்.

"இப்ப நித்திரை வருதோ, அண்ணை?"

"ஓம், ரீச்சர்."

"மனம் லேசாயிருக்கோ?"

"ஓம், ரீச்சர்."

நல்ல முன்னேற்றம் என்று கொப்பியில் எழுதினேன். அடுத்த மூன்று வாரமும் அதையே எழுதினேன்.

ஐந்தாம் வாரம் பேனை எழுதவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் கடைகளில் எதுவும் கிடைக்காத காலம், வேறு பேனையும் கைவசமில்லை. எரிச்சலோடு கொப்பியை மேசை லாச்சிக்குள் போட்டேன். புழுக்கம் தாங்காமல் கதவையும் திறந்துவிட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார்.

"இனி எழுதமாட்டியளோ?"

"இல்லை அண்ணை. ஏன்?"

"அங்கை, முகாமிலையும் ஒருத்தர் கதவைச் சாத்திப்போட்டு, முன்னாலை இருந்து எழுதினவர். எல்லாத்துக்கும் ஓமெண்டால்தான் விடுவினம்." திறந்த கதவை இன்னொருமுறை பார்த்தார். "எனக்கு இன்னும் நித்திரை இல்லை, ரீச்சர்."

நான்கு வாரமாக நான் அவரை விசாரித்திருக்கிறேன்.

யாராவது என்னிடம் சட்டென்று 'ஓம்' என்றால், கதவு திறந்திருக்கிறதா என்று இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.