மீன்பொடி தின்ற காளை

கல்யாண விருந்துக்குக் கடையில் இறைச்சி வாங்கினால் எங்கள் ஆட்களுக்கு ஆகாது. பெண் வீட்டார் ஒரு காளையை வாங்கி, தீனி போட்டுத் தேற்றி, மறுவீட்டு விருந்துக்கு அறுக்க வேண்டும். சாலைக் கடைத்தெரு ஓட்டலில் பல வருஷமாக மாட்டிறைச்சி வறுத்துப் பேர் வாங்கியவள் நான். சொந்த மகளின் விருந்தில் அந்தப் பேர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் வாடகை வீட்டில் ஆள் நிற்கவே இடமில்லை, மாடு எங்கே நிற்கும்? விழிஞ்சம் பக்கம் தொழுவம் வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன், "எங்கிட்ட விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நம்பி விட்டேன். அறுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மாடு எதைத் தின்கிறதோ அதுதான் இறைச்சியில் தெரியும். வெறும் புல்லைப் போட்டால் கொழுப்பு ஏறாது, கறி நார் நாராக நிற்கும். அதனால் ஆரியசாலையில் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக வாங்கி அனுப்பினேன். கேட்கும்போதெல்லாம் "தின்னுது, நல்லா தின்னுது" என்பார்.

அறுத்த அன்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நல்ல சிவப்பு, இடையிடையே வெள்ளைக் கொழுப்பு. அண்ணன்காரர் மீசையை முறுக்காத குறைதான். உருளியில் அந்தக் கொழுப்பு உருகத் தொடங்கியதும் குப்பென்று ஒரு வாடை எழுந்தது. கருவாட்டு வாடை. மிளகைக் கூட்டினேன், கறிவேப்பிலையை அள்ளிப் போட்டேன். கொழுப்பில் ஊறிய வாடை போகுமா?

வெளியே போய் அண்ணன்காரரைப் பிடித்தேன். "அத்தான், மாட்டுக்கு என்ன குடுத்திய?"

"மீன்பொடிதான். மாடு கொழுத்துத் தடி வைக்கணும்னா அதுதான் கொள்ளாம், கேட்டியா?"

"நான் அனுப்பின புண்ணாக்கு?"

"வெட்டப்போற மாட்டுக்கா அதைக் குடுப்பாவ? என் பசுவுக்குக் குடுத்தேன். பால் கூடிச்சு."

கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டுமே! கையில் இருந்த கரண்டியால் ஒன்று போட்டிருப்பேன். அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.

சம்பந்தியம்மா ஒரு துண்டை வாயில் வைத்தவள், மெல்வதை நிறுத்தினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மீன் வச்ச சட்டியிலயா எறச்சி வச்சது? எங்க வீட்டுல ரெண்டுக்கும் வேற வேற சட்டியாக்கும்" என்றாள்.

பக்கத்து இலையில் இருந்த அண்ணன்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஓட்டல்ல வேலை செய்யிறவ இல்லியா, அவசரத்துல கழுவாம வச்சிருப்பா. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

என் மகளும் அந்தப் பந்தியில்தான் இருந்தாள். அங்கே குடும்பச் சண்டையை அவிழ்த்தால் அவள் தலைதான் உருளும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் உள்ள கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். நடந்ததைப் பிறகு மகளிடம் சொன்னேன். பெரியப்பாவோ மீன்பொடியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்கிறாராம்.

புகுந்த வீட்டில் அவள் தேய்த்துக் கவிழ்க்கிற சட்டியை மாமியார் எடுத்து மறுபடி தேய்க்கிறாளாம். போன வாரம் போனில் இதைச் சொல்லி அழுதாள். அழுகை அடங்கியதும் கேட்டாள்: "உள்ளதைச் சொல்லும்மா. அன்னைக்கு நீ சட்டியைக் கழுவினியா?"