என் வாயால் சொன்ன விலை

என் வீட்டுக்காரர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன கொஞ்ச காலத்திலேயே அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஊரை ஏமாற்றுவதாகவும் ஊர் ஏமாந்து போனதாகவும் இரண்டு தரப்பும் வெகு நன்றாக நடித்து வந்தோம். ஒருமுறை கறம்பக்குடியில் நானே ஒரு சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு, கொழும்பிலிருந்து ஆள் மூலமாக வந்தது என்று கிணற்றடியில் சொன்னேன். "அதானே பாத்தேன், சாயமே வேற மாதிரி இருக்கே" என்றாள் ஒருத்தி. அந்தச் சேலையை நான் எடுத்தபோது அதே கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு சேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதை என்னைத் தின்றுகொண்டிருந்தது. இன்று ஒரு பொய் சொன்னால் அதற்குப் பொருத்தமாக நாளைக்கு ஒன்று வேண்டும். காடு கழனி வேலையெல்லாம் எனக்குச் சுலபம். கொழும்புச் சேதி தயாரிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்த சமயத்தில் அவர் ஊர் திரும்பினார், அவளோடும் அவள் பெற்ற குழந்தையோடும். வந்ததும் ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். எங்கள் வகையறாவில் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவன் கூட்டத்தில் வைத்து ஒரு வைக்கோல் துரும்பைப் பெண்ணின் அண்ணன் தம்பி கையில் கொடுப்பான். அவர்கள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. பெண் வேறு கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை. இதில் சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு வேலை ஒன்றும் கிடையாது. பின்னால் பெண்டுகளோடு நிற்க வேண்டும், துரும்பு கை மாறியதும் அழ வேண்டும், அவ்வளவுதான்.

கோயில் பொட்டலில் கூட்டம் நடந்தது. என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினார். தப்புச் செய்தவன் நிமிர்ந்து நிற்கிறான், என் அண்ணன் குனிகிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பெண்டுகளை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க இருங்க. நான் வாங்கிக்கிறேன்."

கூட்டத்தை நடத்திய அம்பலகாரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பளைங்க வாங்குறதுதாம்மா வழக்கம். நீ அங்கிட்டுப் போ."

"தாலி ஏறுனது என் கழுத்துலங்க. தீருறது மட்டும் எதுக்கு எங்க அண்ணன் கையில தீரணும்?"

பெண் வாங்கக் கூடாது என்று யாரும் விதி வைத்திருக்கவில்லை. அப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று யாருக்கும் தோன்றியிருந்தால்தானே விதி வைப்பார்கள். அம்பலகாரர் வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிக்கும் வரை யோசித்தார். "குடுப்பா" என்றார். கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அழுகை வரவில்லை. இனிமேல் யாருக்கும் கொழும்புச் சேதி சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பு வந்தது, உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு 'அந்த ஆள்' ஆனார்.

அப்பா சீராகக் கொடுத்த பசுவையும் அது ஈன்ற இரண்டு காளைக்கன்றுகளையும் மட்டும் கேட்டு வாங்கி, பிறந்த வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அப்பாவும் ஆத்தாவும் இறந்துவிட்டார்கள். அண்ணனும் மதினியும் இருந்தார்கள். வீட்டுக்குள் ஓர் அறை தருகிறேன் என்றார் அண்ணன். நான் கொல்லையில் கிடந்த பழைய மாட்டுக்கொட்டகையை மண் சுவர் வைத்துப் பாதியாகத் தடுத்து, ஒரு பாதியில் அடுப்புப் போட்டேன். மாடுகளும் நானும் ஒரே கூரை. மதினிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லையாம். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கன்றுகள் வளர்ந்து நுகத்துக்குப் பழகின. அதற்குள் அண்ணன் அறந்தாங்கிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பெண்டாட்டியை இழந்தவர், நிலபுலன் உள்ளவர், நல்லவர் என்றுதான் கேள்வி. நல்லவராகவே இருக்கட்டும், எனக்கு வேண்டாம் என்றேன். நான் ஆக்கி, நான் தின்று, என் மனசில் பட்டதைச் சொல்லிக்கொண்டு இருக்கும் இருப்பு எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை அண்ணனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

"ஒத்தையில எம்புட்டு நாளைக்கு இருப்ப?" என்றார். "ஒரு பொம்பளையால சந்தையில மாட்டைக்கூட விக்க முடியாது. அதுக்கும் ஒரு ஆம்பளைக் கை வேணும்."

"வித்துட்டு வந்தா?"

"வித்துட்டு வா. அப்பறம் நான் கல்யாணப் பேச்சே எடுக்கல."

அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னதற்குக் காரணம் இருந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. பிடித்த விரலுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. அந்நிய ஆணின் துண்டுக்கு அடியில் எந்தப் பெண் கை கொடுப்பாள்?

சந்தை நாளில் விடியும்போதே காளைகளை ஓட்டிக்கொண்டு கறம்பக்குடி போய்ச் சேர்ந்தேன். அண்ணனும் பின்னாலேயே வந்து, தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். முதலில் வந்த தரகர் துண்டை விரித்துவிட்டு என்னைச் சுற்றிலும் தேடினார்.

"யாரு கை குடுக்குறது? வீட்டு ஆம்பளையக் கூப்புடு தாயி."

"ஆம்பளை இல்லங்க. மாடு என்னோடது. ஜோடி எம்பது ரூவா."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது கேட்காதவர் யாராவது இருக்கக் கூடும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. "சந்தையக் கெடுக்க வந்துருக்கா" என்று துண்டை உதறிக்கொண்டு போனார் தரகர். அவர் கவலை அவருக்கு. விலை எல்லார் காதிலும் விழுந்தால் தரகருக்கு என்ன பிழைப்பு? பொய்யையே இத்தனை வருஷம் உரக்கச் சொன்னவளுக்கு, உண்மையை உரக்கச் சொல்ல என்ன வெட்கம்? யார் வந்து கேட்டாலும் அதே குரலில் சொன்னேன்.

உச்சிவெயில் தாண்டியும் வாங்க ஆளில்லை. அண்ணன் மரத்தடியிலேயே நின்றார். நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தார் போல. நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் வண்டிக்கு மாடு தேடிக்கொண்டிருந்தார். என் காளைகளின் பல்லைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பழக்க தோஷத்தில் தோள் துண்டை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"குத்தம் ஏதாச்சும் உண்டாம்மா?"

"வலத்து மாடு பஸ்ஸக் கண்டா மிரளும். வேற ஒண்ணுமில்ல."

ஒதுங்கி நின்ற தரகர் தலையில் அடித்துக்கொண்டார். வியாபாரி சிரித்தார். "எங்க பக்கம் பஸ் எங்கம்மா வருது? எழுவது."

"எழுவத்தெட்டு."

சந்தையே சுற்றி நின்று கேட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு எனக்கும் அவருக்கும் பரிந்து பேசினார்கள். எழுபத்தைந்தில் முடிந்தது. அவர் புதுக் கயிறு மாட்டினார். விற்ற மாட்டின் பழைய கயிற்றை விட்டுவரக் கூடாது என்பது வழக்கம். அதைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றார். கயிறுகளை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அண்ணன் முன்பே வரச் சொல்லி வைத்திருந்ததால் மறுவாரம் அறந்தாங்கிக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மதினி தண்ணீர் கொடுத்தாள். நான் கொல்லையில் பசுவுக்குக் கழுநீர் கலக்கிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். அண்ணன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாரா, வந்தவர்கள் முகத்துக்காக என்னைத் தள்ளிவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூத்தவர் ஒருவர் பேச்சை ஆரம்பித்தார். அண்ணன் அவரை முடிக்க விடவில்லை.

"எங்கிட்டக் கேக்காதீங்க. அது அவ முடிவு பண்ற விசயம். அந்தா அங்கிட்டுத் தெரியுது பாருங்க, அதான் அவ வீடு. போயி அவகிட்டக் கேளுங்க."

கொட்டகை என்று சொல்லவில்லை. அவள் வீடு என்று சொன்னார். கூட்டத்தில் வராத அழுகை அப்போது வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, வருகிறவர்கள் உட்காரட்டும் என்று வாசலில் பாயை விரித்தேன்.

அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பெண்ணிடமே நேரில் போய்ப் பெண் கேட்பது அவர்களுக்கு வழக்கமில்லை போலிருக்கிறது. வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வந்திருந்தால் ஆளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து, எனக்கு விருப்பமில்லை என்று நானே சொல்லி அனுப்பியிருப்பேன்.