பூசாத முன்சுவர்

எடில்மாவின் சாமர்த்தியத்தால் எங்கள் தெருவே இருபது வருடம் பிழைத்தது. கடைசியில் அந்தச் சாமர்த்தியம் அவள் வீட்டையே விழுங்கியது. அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள் நான். என் வீடு மட்டும் இன்னும் நிற்கிறது.

தெருவுக்கு அவள் மரியாதையாக டோன்யா எடில்மா. எனக்கு வெறும் எடில்மா. மலைச்சரிவில் இந்த லா எஸ்பெராவுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வருடம் வந்து எதிரெதிரே வீடு போட்டோம். அவள் புருஷன் ஆர்னுல்ஃபோ டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்காரர். கீழே ஊருக்குள் பணக்காரர்களின் குளியலறைகளில் பாதி அவர் கை பட்டவை. வேலை முடிந்து மிஞ்சுகிற டைல்களை அவருக்கே கொடுத்துவிடுவார்கள். அவற்றைச் சாக்கில் கட்டி, முன்னூறு படிக்கட்டு ஏறி, தோளில் சுமந்து வருவார்.

கொலம்பியாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு எண் உண்டு. மின்சார ரசீதின் மூலையில் அச்சடித்திருப்பார்கள். ஒன்று என்றால் ஏழை வீடு, கரண்டும் தண்ணீரும் மலிவு. ஆறு என்றால் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர்கள் உள்ளே நுழைய மாட்டார்கள். தெருவில் நின்றபடியே முன்சுவர் பூசியிருக்கிறதா, கதவு எப்படி, நடைபாதை உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இது தெரிந்த பிறகு எவனாவது முன்சுவரைப் பூசுவானா?

கணக்கெடுப்பு வருகிற செய்தி முதலில் எடில்மாவின் காதுக்குத்தான் எட்டும். உடனே வீடு வீடாக ஏறி இறங்குவாள். பூந்தொட்டியை உள்ளே எடுக்கச் சொல்வாள், நல்ல கதவைக் கழற்றிவிட்டுத் தகரத்தை மாட்டச் சொல்வாள். ஒரு தடவை நான் ஆசை ஆசையாக இரண்டு வாளி மஞ்சள் பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடி, ஃபாபி. வீடும் அழகாயிருக்கும், ரசீதும் அழகா வரும். ரெண்டையும் ஃபிரேம் போட்டு மாட்டிக்கோ."

வாளிகள் கட்டிலுக்கு அடியில் போயின. தெரு முழுக்கச் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் எல்லோருக்கும் ஒன்றாம் எண் விழுந்தது. அன்றைக்கு அவள் பெரிய பானையில் கோழியும் மரவள்ளியும் போட்டுக் கொதிக்கவைத்துத் தெருவுக்கே ஊற்றினாள்.

மிச்சம் பிடித்த காசெல்லாம் அவள் வீட்டுக்குள்ளேயே போயிற்று. யாரையும் வாசல் தாண்டி விட மாட்டாள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா, வாய் வழியாக அதிகாரி வரைக்கும் போய்விடும் என்று பயம். என்னை மட்டும் விடுவாள். கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு நீல டைல்ஸ், ஒரு பல் டாக்டர் வீட்டில் மிஞ்சியது. அடுப்படியில் பச்சை. குளியலறையில் வரி வரியாக மேடு எழும்பிய வெள்ளை. மேலே பாலிஷ் போட்ட மரப்பலகைக் கூரை. உள்ளே போய்விட்டு வந்தால் என் வீடு எனக்கே கொட்டகையாகத் தெரியும்.

ஐம்பத்தாறு வயதில் சர்க்கரை நோய் ஆர்னுல்ஃபோவின் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீடுதான் அவருக்குக் கண். அவரே ஒட்டிய டைல்ஸ் ஆயிற்றே. கைக்கு வழவழப்பு வந்தால் கூடம், சொரசொரப்பு வந்தால் அடுப்படி, வரி தட்டுப்பட்டால் குளியலறை. யாரும் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டாம். தானே காப்பி போடுவார். பதினொரு எட்டு வைத்து என் வாசலுக்கு வந்து வானொலி கேட்பார்.

பிறகு ரோப் கார் வருகிறது என்றார்கள். படிக்கட்டு ஏறுகிற வேதனை தீர்ந்தது என்று நாங்கள் குதித்தோம். நிலையம் கட்டத் தெருவில் எடில்மாவின் வீடு இருக்கிற பக்கம் முழுக்க வேண்டுமாம். என் பக்கம் தப்பியது. எடுக்கிற வீட்டுக்கு மதிப்புப் போட்டு விலை கொடுப்பார்கள். எடில்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். இதே சரிவில் படி ஏறாத ஒரு தரை வீடு, கொஞ்சம் டைல்ஸ். ஆர்னுல்ஃபோ சொல்லச் சொல்ல ஒரு கொத்தனாரை வைத்து அதேபோல ஒட்டிவிடலாம் என்றாள்.

மதிப்புப் போட வந்தது ஒரு சின்னப் பெண். மரியாதையான பெண். உள்ளே வந்ததும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்தாள். முடித்துவிட்டுத் தொகையைச் சொன்னாள். அந்தத் தொகைக்கு இந்தச் சரிவில் ஒரு அறைகூடக் கிடைக்காது. ரோப் கார் செய்தி வந்ததுமே அங்கே விலை ஏறிவிட்டது.

"உள்ள ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா. டைல்ஸ், பலகை எல்லாத்தையும் எழுதிட்டேன். ஆனா அதெல்லாம் கொஞ்சம்தான். பெரிய விலை தெருவைப் பாத்துப் போடுறது. இது ஒண்ணாம் நம்பர் தெரு. ஒரு வீடுகூடப் பூசல."

"பூச விடாம வச்சதே நான்தாம்மா" என்றாள் எடில்மா.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள்.

விசாரித்ததில் ஒரு வழி இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, எங்களை இரண்டாம் எண்ணுக்கு ஏற்றுங்கள் என்று மனுக் கொடுத்தால் மறுபடி மதிப்புப் போடுவார்கள். இடிக்கப்போகிற ஏழு வீட்டுக்காரர்களும் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒன்பது வீடு. ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவளிடம் திருப்பி ஒப்பித்தார்கள். ரசீது ஏறிவிடுமே டோன்யா எடில்மா, நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் போட்டார்.

பாதியைத் தாண்ட இன்னும் ஒன்று போதும் என்கிற நிலையில் என் வாசலுக்கு வந்தாள். என் மகனுக்கு அப்போது வேலை இல்லை. அதைச் சொன்னேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவள் பேனாவை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். மனுக் கொடுக்கக் கடைசி நாள் அந்த நாளைதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

இடிக்கிற அன்று ஆர்னுல்ஃபோவை என் வாசலில்தான் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இயந்திரம் முதலில் முன்சுவரைத்தான் தள்ளியது. செங்கல் சரிந்து புழுதி அடங்கியதும் காலை வெயில் நேராக நீல டைல்ஸ் மேல் அடித்தது. இருபது வருடம் பக்கத்தில் குடியிருந்தவர்கள் வாயடைத்துப் போய் நின்றார்கள்.

"முன்சுவர் விழுந்துருச்சா?" என்று கேட்டார் ஆர்னுல்ஃபோ.

"விழுந்துருச்சு" என்றாள் எடில்மா.

"எல்லாரும் பாக்குறாங்களா?"

"பாக்குறாங்க."

"என்ன சொல்றாங்க?"

எடில்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு ஃபாபி."

"அழகா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இப்போது என் ரசீதில் எண் மூன்று. கையெழுத்து எதுவும் இல்லாமலே ஏற்றிவிட்டார்கள். நிலையத்துக்கு எதிர் வீடு என்பதால் தரகர்கள் வாரம் ஒருவர் வந்து கேட்கிறார்கள். அவள் அன்று கேட்ட மாதிரி இரண்டு வீடு வாங்கலாம் அந்த விலைக்கு. மஞ்சள் பெயிண்ட் கல்லாகிக் கிடந்தது, புதிதாக வாங்கி அடித்தேன்.

அவர்களுக்குக் கிடைத்தது நகரத்தின் அந்தக் கோடியில், அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எடில்மா காப்பி கொடுத்தாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரெல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சு, மழமழவென்று, அறைக்கு அறை ஒரே மாதிரி. ஆர்னுல்ஃபோ சுவரைத் தடவிக்கொண்டே நாலு எட்டு நடந்தார். பிறகு கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எடில்மா, நான் இப்ப எங்க இருக்கேன்?"