விளக்கேற்றும் முன் கேட்கப்பட்ட கேள்வி

திருவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓராண்டு குடியிருந்த துருக்கி நாட்டுத் தம்பதியருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். கணவர் இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் புதிய எந்திரங்களை நிறுவ வந்தவர். நாள்தோறும் பேருந்தில் போய்வந்தவர், ஆலையில் எந்திரம் பொருத்தும் பிட்டர்களிடமே தமிழையும் கற்றுக்கொண்டார். "அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க, வாரேன்" என்று அவர் படியிறங்கும்போது, செந்தமிழ் பயிற்றுவித்தே ஓய்வுபெற்ற என் செவி சற்றுக் கூசும்.

அவர்கள் அலெவி மரபினர். இசுலாத்துள் நபிகளாரின் மருமகன் அலியார்மீது பேரன்பு கொண்ட வழி அது. அவர்தம் கூட்டு வழிபாட்டுக்கு 'ஜெம்' என்று பெயர். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் வட்டமாக அமர்வர்; நரம்பிசையோடு பாடுவர்; எழுந்து சுழன்றாடுவர்; முடிவில் உணவைப் பகிர்வர். எந்தத் திசை நோக்கி அமர்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எங்களுக்குத் திசை எதுக்க இருக்க மனுச மூஞ்சிதான், அண்ணாச்சி" என்றார்.

அந்நாளில் நான் காண விரும்பாத முகம் ஒன்று அடுத்த வீட்டிலேயே இருந்தது. அது என் தம்பியின் முகம். என் மகளின் திருமண அழைப்பிதழில் அவன் பெயர் இடம்பெறவில்லை. அச்சகத்தார் பிழை என்று ஊரறியச் சொன்னேன். மெய்ப்புத் தாளில் அப்பெயரை அடித்து நீக்கியவன் நானே. நிச்சயதார்த்தத்துக்கு அவன் வரவில்லை என்ற சினம். நான்காண்டுகள் எங்களுக்குள் பேச்சில்லை.

அவர்கள் நாடு திரும்புமுன் வந்த கடைசி வியாழன் மாலை, இரு வீட்டாரையும் மாடிக்கு அழைத்தனர். தம்பியை அவன் மனைவி இழுத்து வந்திருந்தாள். விரிப்பின் நடுவே ஏற்றப்படாத மெழுகுவத்தி; தாம்பாளத்தில் நெய்யூறிய ரவை இனிப்பு; துருக்கி அம்மையாரின் மடியில் நீண்ட கழுத்துடைய நரம்பிசைக் கருவி. ஜெம்மை முறையாக நடத்த அவர்கள் மரபின் பெரியவர் வேண்டுமாம். இது வீட்டளவிலான சிறு வழிபாடுதான். ஆயினும் ஒன்றை மட்டும் விட இயலாது என்று சொல்லிவிட்டுக் கணவர் கேட்டார்:

"யாருக்காச்சும் யார் மேலயாச்சும் மனத்தாங்கல் இருக்கா? இருந்தா இப்பமே பேசித் தீத்துக்கிடணும். பொறவுதான் வெளக்கு."

எங்கள் பிணக்கை அவர் அறியார். வழக்கப்படி 'இல்லை' என்னும் விடையை எதிர்பார்த்தே கேட்டார். தம்பி எழுந்தான்.

"நான் கெளம்புதேன். என்னால உங்க சாமி காரியம் நிக்க வேண்டாம்."

"நீங்க போனா மட்டும் தீந்திருமா? அப்பவும் ஏத்தக் கூடாதுல்லா" என்றார் அவர், சங்கடத்தோடு.

அம்மையார் கையில் தீப்பெட்டி அப்படியே இருந்தது. என் உள்ளத்தில் அழகிய வாக்கியங்கள் சில உருண்டன. அவற்றுள் எதிலும் 'நான்' என்னும் சொல் இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டேன்.

"ஏலே, உக்காரு. அச்சாபீசுக்காரன் மேல தப்பு இல்ல. ஒம் பேர அடிச்சது நாந்தான்."

தம்பி நின்றபடியே என்னைப் பார்த்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அச்சாபீசுல அந்தத் தாளக் காட்டிட்டாவ. ஒன் செவப்பு மை எனக்குத் தெரியாதா? நீயா ஒரு வார்த்த சொல்லுவேன்னுதான் இருந்தேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "நிச்சயத்துக்கு நான் வராததும் தப்புதான்."

"இத சொல்ல நாலு வருசமா?" என்று வெடித்தாள் அவன் மனைவி. "இவிய ரெண்டு பேரால, நானும் அக்காவும் சுவருக்கு மேல கொழம்புக் கிண்ணத்தக் கள்ளக்கடத்தலுல்லா பண்ணிக்கிட்டுக் கெடந்தோம்!"

என் மனைவி சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். தம்பி அமர்ந்தான், என் எதிரே.

விளக்கு ஏற்றப்பட்டது. அம்மையார் பாடினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை; ஆயினும் எழுந்து போக மனமில்லை. பின்னர் இனிப்பைச் சமமாகப் பங்கிட்டனர். அதை 'லொக்மா' என்பர். எல்லார்க்கும் கிடைத்ததா என்று கேட்காமல் ஒருவரும் உண்ணலாகாது.

"அம்புட்டு பேருக்கும் வந்துச்சா? பங்குல யாருக்கும் கொறை இல்லையே?" என்று கேட்டார் கணவர்.

தம்பி என் தட்டை எட்டிப் பார்த்தான். "இருக்கு. அண்ணனுக்கு ஒரு முந்திரி கூட விழுந்திருக்கு."

அதை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். அதன் பிறகே அனைவரும் உண்டோம்.