சம்பந்தி முன்னால் எப்படித் துப்புவது

என் கணவர் பதினெட்டு வருடங்களாக ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அதற்கு முன்பு எவ்வளவு குடித்தார் என்று கேட்டால் சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடியில் இருந்த காலம் அது. மகளுக்கு எட்டு வயது. எனக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கூட்டிவர வேண்டிய மனிதர் சோபாவில் நினைவில்லாமல் கிடந்தார். பனி கொட்டிய அந்தப் பின்னேரம் பிள்ளை கையுறைகூட இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறாள். கட்டடத்தைப் பூட்ட வந்தவர் கண்டு உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். அடுத்த நாள் இவர் தானாகவே டொக்டரிடம் போனார். அன்றோடு நிறுத்தினார்.

நிறுத்தினார் என்று எழுதுவது சுலபம். மூன்று வருடம் நாங்கள் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. வேலையிடத்தில் நத்தார்ப் பண்டிகைக்குத் தந்த ரம் கேக்கை நான் குப்பையில் போட்டேன். இருமல் மருந்து வாங்கினாலும் போத்தலில் எழுதியிருப்பதை முழுக்க வாசித்துத்தான் வாங்கினேன். மனிசனைச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று சனம் என்னைப் பற்றிக் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவிழ்த்து விட்டால் என்ன நடக்கும் என்று சனத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பனியில் நின்ற அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு வயது. தனக்கு ஒருவரைப் பார்த்துவிட்டாள். வெள்ளைக்காரப் பையன், நல்ல பிள்ளை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வந்தது வேறு இடத்தில்.

"அம்மா, அவரின்ரை பேரன்ட்ஸ் உங்களை மீட் பண்ண ஆசைப்படினம்," என்று மகள் போனில் சொன்னாள். "டவுன்டவுனிலை ஒரு வைனரி இருக்கு. அங்கை ரேஸ்ரிங் புக் பண்ணியிருக்கினம்."

"அது என்ன?"

"வைன் ருசி பாக்கிறது. இட்ஸ் நொட் அ பார், அம்மா."

"உன்ரை அப்பாவை வைன் குடிக்கக் கூப்பிடுறியோ? உனக்கென்ன விசரே?"

"ஹீ இஸ் ஃபைன், அம்மா. எய்ட்டீன் இயர்ஸ்! அதோடை அங்கை ஒருத்தரும் விழுங்கத் தேவையில்லை. மேசையிலை வாளி ஒண்டு வைச்சிருப்பினம். வாயிலை வைச்சுப் பாத்திட்டு அதுக்குள்ளை துப்பலாம். எவ்ரிபடி டஸ் இட்."

"அதைவிட அவையளுக்கு அப்பாவின்ரை விசயத்தைச் சொல்லிவிடன்."

அவள் குரல் இறங்கிவிட்டது. "வேண்டாம், அம்மா. முதல் நாளே அவையள் அப்பாவை அப்பிடிப் பாக்கிறது எனக்கு விருப்பமில்லை."

அந்த இடத்தில் நான் தோற்றுப் போனேன். அப்பாவைக் குறைவாக ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிற பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது? இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "துப்பலாம் எண்டால் பிறகென்ன? போவம்," என்றார். யோசிக்காமல் சொன்னார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் சேர்ட்டைத் தானே அயன் பண்ணினார். மற்ற நாட்களில் அயன் பெட்டி இருக்கிற இடம்கூட அவருக்குத் தெரியாது.

மாசி மாதம், வெளிச்சம் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு பின்னேரம். நாங்கள் இப்போது இருக்கிற டோர்செட் பார்க்கில் இருந்து பஸ், பிறகு சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றைத் துப்புரவாக்கி, உள்ளே பெரிய பெரிய உருக்கு வைன் தாங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நீளமான மரமேசை. உள்ளே கால் வைத்ததும் மணம் வந்தது. எனக்கு அது ஊசி போட முன் தடவுகிற பஞ்சின் மணம். இவருக்கு என்னவாக இருந்ததோ, வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றார். சப்பாத்தில் இருந்த பனியைத் தட்டுகிறார் என்று நினைத்தேன். தட்டி முடிந்த பிறகும் நின்றார்.

மகளும் பையனும் முன்பே வந்திருந்தார்கள். பையனின் பெற்றோர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்கள். அந்த மனுசி ஓய்வுபெற்ற ஆசிரியை, கழுத்தில் நீலச் சால்வை. அவருடைய கணவர் நெடியவர், மெதுவாகப் பேசுகிறவர். இன்னும் ஒன்றும் நிச்சயமாகவில்லைதான். ஆனால் பெற்றவர்கள் ஒரே மேசையில் இருந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது சம்பந்தம். என் மனதில் அவர்கள் அந்த நிமிடமே சம்பந்திகள் ஆகிவிட்டார்கள்.

கையில் பச்சை குத்திய ஒரு இளம்பெண் ஆளுக்கு ஐந்து கிளாஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அளவுக்கு வைன் ஊற்றினாள். எந்தத் தோட்டத்துப் பழம், எந்த வருடம் என்றெல்லாம் விளக்கினாள். மேசை நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு வாளி. அது சரியாக என் கணவருக்கும் சம்பந்திக்கும் நடுவில் இருந்தது. சம்பந்தி முதல் கிளாஸை எடுத்து, மணந்து, வாயில் ஊற்றி, கன்னத்துக்குள் அலசி, குனிந்து ஒரு சத்தமும் இல்லாமல் வாளிக்குள் துப்பினார். துப்பிவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் முறை என்கிற சிரிப்பு.

இவரும் வாயில் ஊற்றினார்.

எங்கள் சனம் துப்பாத சனம் இல்லை. ஆனால் ஒரு மதிப்பான மனிதர் முகத்துக்கு நேரே, சாப்பிடுகிற மேசையில், ஒரு பாத்திரத்துக்குள் துப்புவதா? அதுவும் சம்பந்திக்கு முன்னால்? சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது இருமல் வந்தால்கூட எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள். மகள் இங்கே பிறந்தவள், அவளுக்கு இது தோன்றியிருக்க நியாயமில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை? அவருக்கு ஏன் தோன்றவில்லை? துப்பலாம், துப்பலாம் என்று ஒரு கிழமையாக மூன்று பேரும் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, ஒருவரும் அந்தத் துப்பலை மனதில் நடத்திப் பார்க்கவில்லை.

இரண்டு கன்னமும் உப்ப அவர் அப்படியே இருந்தார். வாளியைப் பார்த்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். களவு செய்யப் போகிறவனின் பார்வை இல்லை அது, வழி கேட்கிற பார்வை. எழுந்து வாஷ்ரூமுக்குப் போங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் மூளை அந்த நேரம் பார்த்து உறைந்துவிட்டது. அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

பதினெட்டு வருடம் அவ்வளவுதான். ஒருவரும் கவனிக்கவில்லை. சம்பந்தி ஏதோ ஒரு பழத்தின் பெயரைச் சொல்லி, அந்தச் சுவை தெரிகிறதா என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார். கை மட்டும் மேசையில் மெல்ல நகர்ந்து இரண்டாவது கிளாஸைத் தொட்டது.

நான் அதைப் பறித்தேன். பறித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஐ லைக் திஸ் வன்," என்று சிரித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன். அறுபது வயது வரை கள்ளைக்கூட நாக்கில் வைக்காதவள் நான். நெஞ்சு எரிந்தது. பிறகு என்னுடையதை எடுத்துக் குடித்தேன். மூன்றாவதின் முறை வந்தபோது அவருடைய கிளாஸைச் சொல்லாமலே என் பக்கம் இழுத்து வைத்தேன். ஏன் துப்பவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் சம்பந்திதானே அவர்கள்!

அந்த மனுசிக்கு என்னைப் பார்க்கப் பெரிய சந்தோஷம். தமிழ்ப் பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று நினைத்தேன், நீ அப்படியில்லை என்று தோளில் தட்டினார். பச்சை குத்திய பெண் எனக்குத் தனியாக இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். என்ன சுவை தெரிகிறது என்று கேட்டபோது "ஜாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. என் கை ஒவ்வொரு கிளாஸாக எடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மகளும் சிரிக்கவில்லை. வாஷ்ரூமுக்குப் போகிற நடைபாதைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, வட் ஆர் யூ டூயிங்? எத்தினை கிளாஸ் குடிச்சிட்டீங்கள்? அவையள் பாக்கினம்!"

"நல்லா இருந்தது பிள்ளை. அதுதான்."

"நல்லா இருந்ததோ? அப்பாவுக்கு முன்னாலை இருந்து எப்பிடி அம்மா உங்களுக்கு மனம் வந்தது?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாவைப் பாருங்கோ. ஒரு கிளாஸை ருசி பாத்துத் துப்பினதோடை நிப்பாட்டிட்டார். ஐ ஆம் சோ ப்ரௌட் ஒஃப் ஹிம்."

அப்பா விழுங்கிவிட்டார் பிள்ளை என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் அதை வெளியே விடவில்லை. அவளிடம் அப்படி ஒரு அப்பா இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா எப்படிப் போனாலும் பரவாயில்லை. ஆனால் பரவாயில்லை என்று எழுதுவது பொய். எனக்கு அது வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. அந்தப் பிள்ளையை இரவு பகலாகக் காத்தவள் நான்.

வெளிக்கிடுகிற நேரம் சம்பந்தியம்மா கடுதாசிப் பையில் சுற்றிய ஒரு போத்தலை என் கையில் வைத்தார். உனக்கு அவ்வளவு பிடித்ததே, வீட்டில் வைத்துக் குடி என்றார். நான் வாங்காமல் இருக்க வழியில்லை. "தாங்க் யூ," என்றேன்.

ஸ்ட்ரீட்காரில் ஏறியதும் நிலம் என் காலுக்குக் கீழே ஒரு பக்கமாகச் சரிந்தது. இவர் என் கையைப் பார்த்தார்.

"பாரமாக் கிடக்கும். நான் கொண்டாறன்," என்றார்.

வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சப்வேக்கு மாற இறங்கியபோது படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. "ஒருக்காத் தாங்கோ," என்று வாங்கினேன். அவர் விரல்கள் உடனே விடவில்லை. பிறகு விட்டன. பையோடு தொட்டிக்குள் போட்டேன். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது.

"எறிஞ்சிட்டீரோ?"

"ஓம்."

"நல்லது," என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "அந்த மனுசி கேட்டால் என்ன சொல்லுவீர்?" என்றார்.

"முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டன் எண்டு சொல்லுவன். அவை இப்ப என்னைப் பற்றி எதையும் நம்புவினம்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஒரு வாய்தானே, தெரியாமல் போய்விட்டது, பிடித்து நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். தலை சுற்றினாலும் மனதுக்குள் நான் வென்றுவிட்ட மாதிரித்தான் இருந்தது.

கிழக்கே போகிற ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ரயில் நிலத்துக்கு மேலே வந்து பாலத்தைக் கடக்கும்போது அவர் தலையை என் பக்கமாகச் சாய்த்தார். முப்பத்திரண்டு வருடக் குடும்பத்தில் ஆட்களுக்கு முன்னால் என் கையைக்கூடப் பிடித்தறியாத மனிதர். எதிர் இருக்கையில் இருந்த யாரோ ஒரு பெண்பிள்ளை எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகவும் இருந்தது. நான் செய்ததெல்லாம் இந்த மனிதருக்கு விளங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்னப்பா?" என்றேன்.

"ஒண்டுமில்லை. கதையும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாவது கதையும்."

கதைத்தேன். சம்பந்தியம்மாவின் நீலச் சால்வையைப் பற்றி, கல்யாணம் கோயிலில் வைப்பதா ஹோலில் வைப்பதா என்பதைப் பற்றி, வெள்ளைக்காரருக்கு எங்கள் சாப்பாடு உறைக்குமே என்பதைப் பற்றி. அவர் கண் மூடியிருந்தது. முகம் என் தோளில் இல்லை, என் வாய்க்கு நேரே இருந்தது. நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் மெதுவாக, ஆழமாக மூச்சை இழுத்தார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார்.

விளங்கியதும் வைன் மணக்கிற வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வூட்பைன் தாண்டியிருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய கென்னடிக்கு இன்னும் நாலு ஸ்டேஷன்.

"ஏன் நிப்பாட்டிப் போட்டீர்?" என்றார், கண்ணைத் திறக்காமல். "கதையுமன்."

கதைக்காவிட்டால் இவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுவார் என்று பயம் வந்தது. அதனால், மகள் எந்த நிறத்தில் கூறைச் சேலை கட்டுவாள் என்பதில் தொடங்கி, கென்னடி வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தேன்.