விமானம் கட்டுநாயக்கவில், வீடு கல்முனையில்

விமானம் ஓட்டுவதில் கஷ்டமான வேலை எது, ஏற்றுவதா இறக்குவதா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை, கல்முனை பஸ் நிலையத்தில் யன்னலோர ஆசனம் பிடிப்பதுதான்.

கொழும்பில் உத்தியோகமும் கிழக்குக் கரையில் கலியாணமுமாக அலைந்த கிளாக்கர்மார், வாத்திமார், வங்கிக்காரர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளைதான் போவார். என் மாமாவும் மாமியும் மகளுக்கென்று கல்முனையில் ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் இருந்த சின்ன வீட்டுக்குத் தாங்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆனபோது ஓர் உதவி விமானி. நான் ஓட்டும் விமானமோ தீவின் மற்றக் கரையில், கட்டுநாயக்கவில் நின்றது. பறப்பு உள்ள நாட்களில் அங்கே ஒரு விடுதி அறையில் படுத்துக்கொள்வேன். ஓய்வு கிடைத்த உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் பஸ் ஏறிவிடுவேன்.

வளைவு ரோட்டு

அந்த பஸ் சாரதிக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னைப் பின்னால் உட்கார விடமாட்டார். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, கியர் மாற்றும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். தொழில் தெரிந்த ஒருவரின் அபிப்பிராயம் அவருக்கு வேண்டும். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையை ஆட்டுவேன்.

ஒரு முறை கண்டியில் வயிறு நிறையப் புரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினேன். மஹியங்கனைக்கு இறங்கும் வளைவு ரோட்டில் பஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிறுகியது. நானோ யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாப்பிட்டதை எல்லாம் மலைக்கே கொடுத்தேன். இடிமின்னலுக்குள் விமானம் ஓட்டியபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து பார்த்தார்கள். சாரதி பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஒரு போத்தல் தண்ணீரை நீட்டியபடி அனுதாபத்தோடு சொன்னார்: "மேல வளைவு இல்லாதபடியாத்தான் சேர் நீங்க இவ்வளவு காலமும் தப்பியிருக்கீங்க."

குருவி

மாமாவுக்கு வரிப்பத்தான்சேனையில் வயல். அதைப் பார்த்துக்கொள்கிற முல்லைக்காரர் ஒல்லியான மனிதர், எந்நேரமும் வாயில் வெற்றிலை. வேளாண்மை, அதாவது நெல், கதிர் முற்றி நின்ற ஒரு நாள் மாமாவோடு நானும் போயிருந்தேன். குருவிக் கூட்டம் வந்து விழுவதும், இவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரம்பில் ஓடுவதுமாக இருந்தது.

கிழக்கே போகிற விமானங்கள் சில நாட்களில் அந்த வயல்களுக்கு மேலாகத்தான் போகும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். அவர் தகரத்தைக் கீழே போட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொந்தக் குடும்பத்து வயலைக் குருவி தின்ன, அதை விரட்டுகிற சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் கண்டும் காணாமல் மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறானே என்கிற கோபம் அந்த முகத்தில் நன்றாகவே தெரிந்தது. மாமாவுக்காக அதை அடக்கிக்கொண்டு கேட்டார்: "வெள்ளாம வெட்டு முடியுமட்டும் கொஞ்சம் பதிஞ்சு போனா என்ன தம்பி, கொறஞ்சா போயிருவீங்க?"

ஹாஜியாரின் டெலிபோன்

எங்கள் தெருவில் டெலிபோன் இருந்த ஒரே இடம் ஹாஜியாரின் புடவைக்கடை. அந்த இலக்கத்தைத்தான் கம்பனியில் கொடுத்திருந்தேன். யாராவது விமானிக்குச் சுகமில்லாமல் போனால், அவருக்குப் பதிலாகப் போக ஒருவர் தயாராக இருக்கவேண்டும். அந்த முறை என்னுடையது என்பதே எனக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் முறையை மாற்றியிருக்கிறார்கள். ரோஸ்டர் பிரிவில் இருந்த நீர்கொழும்புத் தமிழர் அவசரமாகக் கடைக்கு டெலிபோன் எடுத்தார். லுஹர் தொழுகை முடிந்து, நான் மாமியின் கையால் மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்திருந்த நேரம்.

தெருவுக்கு வந்த மாப்பிள்ளைமார் எல்லோரையும் மருமகன் என்றே சொல்லும் ஹாஜியார், ஆளனுப்பி என்னைக் கூப்பிடவில்லை. தாமே முடிவு சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார். அவருடைய பதில் கம்பனி முழுக்கப் பரவி, அடுத்த முறை நான் போனபோது சமையல் பகுதியில் இருந்தவர்கள்கூட எனக்கு அதைச் சொல்லிக் காட்டினார்கள்: "மருமகன் இப்பதான் திண்டுபோட்டுச் சரிஞ்சிருக்கார், எழுப்ப ஏலா, வேற ஆரையும் பாருங்க."

தலைமை விமானி

தலைமை விமானி சிரிக்கவில்லை. அவர் கண்டிப்பானவர், ஆனால் என்மேல் பட்சம் உள்ளவர். கப்டன் பயிற்சிக்கு என் பெயரை எழுதியிருந்தவரும் அவர்தான். அந்தப் பெயரை அழிக்கவேண்டி வரும் என்றார். கப்டனாக இருப்பவர் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் குடும்பத்தோடு குடியிருக்கவேண்டும். பஸ்ஸில் ஆடி அலைந்து வந்து, தூக்கக் கண்ணோடு விமானத்தில் ஏறக்கூடாது. அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை.

மாமி கட்டிக் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு எப்படி வருவது, ஊர் என்ன சொல்லும், அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்றெல்லாம் என்னால் முடிந்தமட்டும் அவருக்கு விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த விமானத்தின் கப்டன் நீங்களா, உங்கள் மாமியா?"

மெத்தை

ஜெசீமாவிடம், அதாவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம், விஷயத்தைச் சொன்னேன். "உம்மாட்ட நான் எப்பிடிச் சொல்ற?" என்றுவிட்டு அழத் தொடங்கினாள். அவள் அழுததும் நான் பயந்துவிட்டேன். சரி, முதலில் கட்டுநாயக்கவில் ஒரு வீட்டை எடுத்து நான் மட்டும் போய் இருக்கிறேன், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று என் பெட்டியையும் ஒரு மெத்தையையும் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

நம்மூரில் மெத்தைக்கு உள்ள அர்த்தம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மாப்பிள்ளை பையோடு போனால் உத்தியோகத்துக்குப் போகிறார். மெத்தையோடு போனால் பெண்ணை விட்டுவிட்டுப் போகிறார். பட்டப்பகலில், சந்தை கூடுகிற நாளில், அந்த மெத்தை பஸ் கூரையில் ஏறியதை ஊரே பார்த்தது. பஸ் புறப்படுவதற்குள் பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்காயர்மார் வந்து பஸ்ஸின் முன்னால் நின்றுவிட்டார்கள். மூத்த மரைக்காயர் என்னைப் பார்க்கவே இல்லை. கூரைமேல் நின்ற நடத்துனரைப் பார்த்துச் சொன்னார்: "மெத்தய எறக்குகா, மறுகா கதைப்பம்."

விசாரணை

அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் முன்மண்டபத்தில் விசாரணை. கை நீட்டினாரா, சோறு பிடிக்கவில்லையா, கொழும்பில் வேறு தொடுப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கம்பனிச் சட்டத்தைச் சொன்னதும் அவர்களுக்குள் பெரிய வாதம் மூண்டது. வெள்ளாமைக் காலத்தில் ஆம்பிளை வயலில் வாடிக் குடிசையில் போய்க் கிடக்கிறானே, அது பெண்ணை விட்டதாகுமா என்றார் ஒருவர். வாடி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறது, கட்டுநாயக்க அப்படியா என்றார் இன்னொருவர். கப்டன் பதவி போனாலும் போகட்டும், இந்த வீட்டில் எனக்குள்ள மரியாதை போய்விடுமே என்று பயந்தேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஜெசீமாவின் குரல் கேட்டது: "அவர் எங்க இரிக்காரோ, நானும் அங்க போறன்." அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம், பிறகு கப்டன் பட்டி தோளில் ஏறிய நாளில்கூட வரவில்லை. ஆனால் மாமியை நினைத்தபோது அதே அளவுக்குத் துக்கமும் வந்தது.

எங்கள் வழக்கப்படி மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. சொல்லவேண்டியதைக் கதவு மறைவில் நின்று மகளிடம் சொல்வார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று திரையை விலக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி, வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, குரலில் மட்டும் தளர்ச்சி இல்லை. மரைக்காயர்மாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார்: "ஓம், வீட்ட எங்க வேணுமெண்டாலும் எடுங்க மருமகன், ஆனா மகள்ட பேரில எடுங்க, எங்கட புள்ள புரிசன்ட வீட்டில குடியிருந்தாளெண்டு நாளைக்கு ஒருத்தரும் கதைக்கப்படா."

விருந்து

அப்படியே செய்தோம். கட்டுநாயக்க வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஜெசீமாவின் பேரில் வாடகை ஒப்பந்தம் எழுதினார். அவள் நீர்கொழும்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டாள். வெள்ளாமை வெட்டு முடிந்ததும் மாமாவும் மாமியும் வந்து, பின்னால் இருந்த அறையை எடுத்துக்கொண்டார்கள். விமானம் கூரைக்கு மேலால் இறங்கும்போதெல்லாம் மாமி சோற்றுப் பிங்கானைக் கையால் பிடித்துக்கொள்வார்.

கப்டனான பிறகு தலைமை விமானியை விருந்துக்குக் கூப்பிட்டேன். பெரிய சஹனில் சோறு வைத்து எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிட்டோம். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஓடுபாதைக்குப் பக்கத்தில் நல்ல வீடாகத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். மாமாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். மாமா கையைக் கழுவிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு அவரைத் திருத்தினார்: "இது மகள்ட வீடு சேர், மருமகன் இஞ்ச வந்து போறவர்."

ஆகவே, ஒரு விமானி விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் குடியிருக்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், கம்பனி எந்தத் தூரத்தை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், முதலில் மாமியிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.