நாற்பத்திரண்டு கேள்விகளும் ஒரு தண்ணீர்ப் பானையும்

அந்த யோசனை எனக்கு வந்தது அடுத்த ஒழுங்கையில் ஒரு அந்தியேட்டி வீட்டில், வாழையிலைக்கு முன்னால் இருந்தபோது. சோறு வரும்வரை செத்தவரின் கல்வெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்னால் படம், பின்னால் தேவாரம், நடுவில் இரண்டு பக்கத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கை. பண்பாளர், பாசமிகு தந்தை, ஊரார் போற்ற வாழ்ந்தவர். எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் அத்தனை கல்வெட்டுகளிலும் இதே இரண்டு பக்கம்தான். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

அப்பப்பாவுக்கு இப்படி நடக்க விடமாட்டேன் என்று, பருப்புக்கறி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவருடைய கல்வெட்டை அவருடைய வாயாலேயே எழுதுவேன். உயிரோடு இருக்கிற மனிதருக்குக் கல்வெட்டு யோசிக்கிறேனே என்ற கூச்சம்கூட வரவில்லை. பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் வாய்மொழி வரலாறு படிக்கத் தொடங்கியிருந்தேன். அன்று பின்னேரமே கொப்பியில் நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போடப் பெட்டியும் கீறினேன்.

அப்பப்பா தண்ணீர்ப் பவுசர், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறி, ஓட்டியவர். உப்புக் கிணறுகள் உள்ள குருநகர்ப் பக்கத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோவது வேலை. வேலையை விட்ட பிறகும் தண்ணீர் அவரை விடவில்லை. அரியாலையில் எங்கள் படலைக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஒரு மண்பானை வைத்திருந்தார். தினமும் விடிந்ததும் கழுவி நிரப்புவார். காய்ச்சல் என்றாலும் நிரப்புவார். வேறு யாரையும் நிரப்ப விடமாட்டார். ஊர் அதைத் தர்மம் என்றது. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்தப் பானையில் தவறாமல் குடிக்கிறவர் குருநகர் மீன்காரர். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"என்ன ஐயா, தண்ணி சூடாய்க் கிடக்கு? ஐஸ் போடேல்லையோ?"

"ஐஸை உன்ரை மீனுக்குப் போடு. நேற்றையான் விளைமீன் இண்டைக்கும் உன்னோடைதான் ஊர் சுத்துது."

"அது உங்களிலை பாசம் ஐயா, விட்டிட்டுப் போகமாட்டுதாம்."

ஒருநாள் தண்ணீர் குடித்த தகரப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பெரிய இடப்பெயர்வு அண்டைக்கு நாவற்குழிப் பாலத்திலை நெரிபட்டு நிக்கேக்கை, குடையைத் திருப்பிப் பிடிச்சு மழைத்தண்ணி குடிச்சனான். அதை நினைச்சால் உது அமிர்தம்."

நான் பிறப்பதற்கு முன், யுத்தத்தில் யாழ்ப்பாணமே எழும்பி மழையில் அந்தப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன நாள் அது. எதற்கும் பதில் வைத்திருக்கிற அப்பப்பா அன்று மீன்காரரின் கையிலிருந்த பேணியை வாங்கிக் கழுவினார். திரும்பவும் கழுவினார். எனக்கோ ஒரே புழுகமும் சந்தோசமும். இடப்பெயர்வு பற்றிய பத்தொன்பதாவது கேள்விக்கு இதுதான் தருணம். அன்று பின்னேரமே போனை அவர் முன்னால் வைத்துப் பதிவை அழுத்தினேன்.

ஆவணி முடிய ஒரு காலை, பானையை நிரப்பிவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை.

கல்வெட்டு எழுதும் பொறுப்பு கேட்காமலே என்னிடம் வந்தது. என்னிடம்தானே பதினொரு பதிவுகள் இருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் மூன்றும் முடிந்தபோதே தெரிந்தது. பதிவு முழுக்க என்ரை குரல். அவர் மெதுவாகத் தொடங்குவார். ஒரு கிணறு, ஒரு மாதுளை, யாரோ ஒரு மனுசியின் இருமல். நான் "அது இருக்கட்டும் அப்பப்பா" என்பேன். அடுத்த கேள்வி. அடுத்த பெட்டி.

நாலாவது பதிவு, பத்தொன்பதாவது கேள்வி:

"அண்டைக்குப் பவுசரிலை தண்ணி கிடந்தது பிள்ளை. பாலத்தடியிலை சனம் கையைக் கையைக் காட்டுது. நான் நிப்பாட்டேல்லை..."

"ம்ம். அப்ப எத்தினை மணி இருக்கும் அப்பப்பா?"

மின்விசிறிச் சத்தம். வெளியே ஒரு காகம்.

"மணி பாக்கேல்லை."

"சரி, அடுத்தது. சாவகச்சேரியிலை ஆரின்ரை வீட்டிலை இருந்தனீங்கள்?"

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதுக்கு நேரே 'நேரம் தெரியாது' என்று எழுதி, சிவப்பில் சரி போட்டிருக்கிறேன்.

அவர் விடவில்லை. ஏழாவது பதிவில் தானாகவே தொடங்குகிறார். "அண்டைக்குச் சொன்னன் எல்லே பிள்ளை, அந்தப் பவுசர்..." நான் சொல்கிறேன்: "அது எடுத்தாச்சு அப்பப்பா." பிறகு வந்த நாலு பதிவுகளிலும் அவர் பவுசரைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

கனடாவிலிருந்து பெரியப்பா போன் எடுத்தார். "படலைப் பானையை விட்டிடாதை. வழிப்போக்கரின் தாகம் தீர்த்த வள்ளல் எண்டு போடு. வாசிக்கிற சனத்துக்குக் கண்ணீர் வரவேணும்."

அப்பாவுக்கு அந்த நாலாவது பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார்.

"உதை அழி," என்றார். போனை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, "அழியாதை. ஆனால் ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாதை."

"ஏன் நிப்பாட்டேல்லையெண்டு உங்களுக்குத் தெரியுமோ அப்பா?"

"நானும் அண்ணையும் முதல் நாளே சைக்கிளிலை போயிட்டம். அந்தப் பாலத்தைப் பற்றி என்னட்டை அவர் ஒருநாளும் கதைச்சதில்லை. உன்னட்டைத்தான் கதைச்சிருக்கிறார்."

அப்பா அதை ஏச்சாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காரணங்களை நானே கட்டிப் பார்க்கிறேன். நிறுத்தினால் சனம் பவுசரில் ஏறி மிதிபட்டிருக்கும். எங்கோ ஆசுபத்திரிக்கு அந்தத் தண்ணீர் தேவைப்பட்டிருக்கும். முன்னால் போன பிள்ளைகளைத் தேடிப் பதறியிருப்பார். இல்லாவிட்டால் வெறும் பயம். எதை எழுதினாலும் அது திரும்பவும் என்ரை குரல்தான். இத்தனை வருடம் தினமும் விடிந்ததும் பானை நிரப்பிய மனிதர், அதை ஒரே ஒரு ஆளிடம் இறக்கி வைக்கப் பார்த்தார். அந்த ஆள் மணி கேட்டது.

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். வள்ளல் என்ற வரியை எழுத என் கை போகவில்லை. நிப்பாட்டேல்லை என்ற சொல்லை எழுத எனக்கு உரிமையும் இல்லை. பிறந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கும் பொருந்தும்.

நேற்று மீன்காரர் படலையில் தட்டினார். "பானை காயுது பிள்ளை," என்றார். பகிடி ஒன்றும் விடவில்லை. அவர் போன பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு வேப்பிலை.

நாளைக் காலை கழுவி நிரப்புவேன். மீன்காரர் வந்து குடித்து முடிய, கேட்பேன்: "அண்டைக்குப் பாலத்தடியிலை ஒரு தண்ணிப் பவுசர் போனதைக் கண்டனீங்களோ?" போனும் கொப்பியும் வீட்டுக்குள் கிடக்கும். அவர் குடையில் தொடங்கினால் குடை, மழையில் தொடங்கினால் மழை. நடுவில் நிறுத்தினால் நானும் காத்திருப்பேன். அதைக் கேட்ட பிறகு அவர் எங்கள் படலையில் தண்ணீர் குடிக்காமல் விடலாம். அது தெரிந்துதான் கேட்கப் போகிறேன்.